சாதா சைக்கிளா, கியர் சைக்கிளா?

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து புதுச்சேரிவரை ஏறத்தாழ 150 கிலோமீட்டரை அவசரமின்றி இரண்டு நாளில் மிதித்துக் கடக்க விரும்புவோர் முதலில் தடுமாறுவது சைக்கிளைத் தேர்ந்தெடுப்பதில்தான்.

விலை: சாதா சைக்கிள் மலிவு; நல்ல கியர் சைக்கிளுக்குப் பன்மடங்கு செலவாகும்.

பழுது: சாதா சைக்கிளின் 28 அங்குல டியூப் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும். கியர் சைக்கிளுக்கு மாற்று டியூபையும் பம்பையும் நாமே சுமக்க வேண்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வாக இருந்தால் கடைப் பம்பில் காற்றுகூட அடிக்க முடியாது.

சுகம்: நிமிர்ந்து உட்கார வைக்கும் சாதா சைக்கிளில், மரக்காணம் உப்பளங்களின் வெண்குவியல்களையும் பாத்திகளில் உப்பு வாருவோரையும் கழுத்து வலிக்காமல் பார்த்துக்கொண்டே போகலாம், பையைக் கேரியரில் கட்டிவிட்டால் முதுகும் தப்பும். ஆனால், கோடைப் பிற்பகலில் தென்கிழக்குக் கடற்காற்று முகத்தில் அறையும்போது, கியரை இரண்டு படி குறைத்து அதே சீரில் மிதிப்பவரைக் கண்டு மற்றவருக்குப் பொறாமை வருவது இயல்பே.

சமவெளியில் ஊர் ஊராக நின்று, டீ குடித்துப் போவதற்குச் சாதா சைக்கிளே போதும் என்பேன். முழங்கால் வலி உள்ளவர்களும், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைபோன்ற ஏற்றங்களை நாடுவோரும் தயங்காமல் கியர் சைக்கிளை வாங்கலாம்.