மெயினை இறக்கிய பிறகு எது மிஞ்சும்? தோட்டத்துத் தீக்கு நம் கையில் உள்ளவை

பங்குனிக் கடைசியில் பக்கத்துத் தோட்டத்துத் தட்டுப்போர், அதாவது மாட்டுக்குக் காயவைத்து அடுக்கிய தீவனக் குவியல், பற்றிக்கொண்டது. மேலே போகிற மின்கம்பிகள் காற்றில் உரசிப் பொறி விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் ஓடிப்போனபோது அந்த வீட்டு அண்ணன் போர்வெல் மோட்டாரைப் போட்டுவிட்டு 2 அங்குல ஓஸை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. கம்பி அறுந்து தலையில் விழுந்துவிடுமோ என்று இன்னொருவர் மின்வாரியத்துக்குப் போன் போட்டார். அவர் செய்தது சரிதான். லைன் நின்றது. ஓஸும் நின்றது.

அன்றிலிருந்து தீயணைக்க என்று யார் எதைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கரண்டு இல்லாமல் இது வேலை செய்யுமா?

அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் போர்வெல் மோட்டார் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுகிறது. தண்ணீரின் அளவில் அதை எதுவும் மிஞ்சாது, அது உண்மை. ஆனால் மும்முனைக் கரண்டு முறை வைத்து வருகிற ஊரில், தீ நம் முறை பார்த்துப் பிடிப்பதில்லை. முறைப்படி வந்தாலும், தீ என்றதும் முதலில் செய்ய வேண்டிய வேலையே மெயினை இறக்குவதுதான். அப்புறம் ஓஸ் எங்கே இருக்கிறது என்பது வேறு கதை. பாதி நாள் அது வாழைக்குள் கிடக்கும்.

மேல்நிலைத் தொட்டி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதை நம்பி ஓஸ் பிடிக்க முடியாது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். நம் தொட்டிகள் 12 அடியில் நிற்கின்றன. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவே. குழாயைத் திறந்தால் காலடியில் கொட்டும், போர் உச்சிக்கு ஏறாது. குடம், வாளி, டிரம் நிரப்ப அது அருமையான ஏற்பாடு. 1 அங்குலத்துக்குப் பதில் 2 அங்குல வால்வு ஒன்றை அடியில் வைத்துவிட்டால் டிரம் மளமளவென்று நிறையும்.

என் கணக்கில் ஜெயிப்பது பலரும் மருந்தடிக்க மட்டும் என்று நினைக்கிற பெட்ரோல் பவர் ஸ்ப்ரேயர். மா மரத்து உச்சிக்கு மருந்து போகிறதென்றால் கூரை உச்சிக்குத் தண்ணீர் போகாதா? நிமிடத்துக்கு 20 லிட்டர் இறைக்கிற பம்பு என்றால் 200 லிட்டர் டிரம் 10 நிமிடம் தாங்கும். முழுதாக எரிகிற போரை அணைக்க அது போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முழுதாக எரிகிற போரைக் காப்பாற்ற நினைப்பதே தப்பு. அது போனது போனதுதான். அடுத்து நிற்கிற கட்டுத்தறியின், அதாவது மாட்டுக் கொட்டகையின், கீற்றுக் கூரையை நனைத்துக்கொண்டே இருப்பதுதான் அந்த நேரத்து வேலை. அன்று கட்டுத்தறி தப்பியது அப்படித்தான். என் வீட்டு ஸ்ப்ரேயரைத் தூக்கிக்கொண்டு வந்து, தொட்டியிலிருந்து டிரம்முக்கு வாளியில் ஊற்றி ஊற்றி அடித்தோம்.

மருந்தோடு கலக்கிற ஒட்டு திரவத்தையோ, கொஞ்சம் சோப்புக் கரைசலையோ டிரம்மில் சேர்த்தால் நல்லது. காய்ந்த வைக்கோலில் வெறுந்தண்ணீர் உருண்டு ஓடிவிடும், சோப்பு கலந்தது உள்ளே இறங்கும். ஸ்ப்ரேயரின் பலவீனம் இரண்டு. பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்கிலேயே கிடந்து கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். அப்புறம், யாராவது இரவல் கேட்டு வாங்கிப் போயிருப்பார்கள்.

இப்போது சிவப்புத் தீயணைப்பு சிலிண்டருக்கு வருவோம். கடையில் கேட்டால் இதுதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்பார்கள். ஏபிசி பவுடர் சிலிண்டர் மோட்டார் ஸ்டார்டர் பெட்டிக்கும், டிராக்டர் எஞ்சினுக்கும், சிந்திய டீசலுக்கும் நிகரற்றது. 440 வோல்ட் ஓடுகிற பெட்டியில் தண்ணீரை ஊற்றுவது உயிரோடு விளையாடுவது, அங்கே பவுடர்தான். ஆனால் 6 கிலோ சிலிண்டரை அழுத்தினால் 15, 20 விநாடியில் காலி. வைக்கோலில் அடித்தால் மேல் சுவாலை அடங்கும், உள்ளே கனல் அப்படியே இருக்கும். பவுடருக்குக் குளிர்விக்கத் தெரியாது. சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைப்பதற்குள் மறுபடி புகையும்.

அதை மாட்டுகிற இடத்திலும் தவறு நடக்கிறது. ஸ்டார்டருக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டுகிறோம். எரிவது ஸ்டார்டர் என்றால் கையை அதற்குள் விட்டா எடுப்பது? மோட்டார் ரூமுக்கு வெளியே, கதவோரம், மழை படாமல் மாட்ட வேண்டும். அழுத்தம் காட்டுகிற முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தலைகீழாகத் திருப்பி நாலு தட்டுத் தட்டினால் பவுடர் அடியில் இறுகாது. ஒருமுறை லேசாக அழுத்திப் பார்த்தாலும் மறுபடி நிரப்பக் கொடுத்தாக வேண்டும், வால்வில் பவுடர் சிக்கி அழுத்தம் மெல்ல இறங்கிவிடும். எங்கள் வீட்டு சிலிண்டரின் குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. முள் பச்சையில்தான் இருந்தது!

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைத் தோட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன். திறந்த வெளிக் காற்றில் வாயு பறந்துவிடும். மணல் வாளி மலிவு, டீசல் சிந்தினால் உதவும், ஆனால் மூன்றே நாளில் கோழி அதில் குளிக்க ஆரம்பித்துவிடும். வரப்புப் புல்லில் ஓடுகிற முழங்கால் உயரத் தீக்கு இவை எதுவுமே வேண்டாம், இலை அடர்ந்த பச்சை வேப்பங்கொத்து போதும். ஓங்கி வீசாமல் அமுக்கி அமுக்கி அடிக்க வேண்டும், வீசினால் பொறி பறக்கும்.

அணைப்பது இருக்கட்டும், பற்றுகிற சாமானுக்கு வருவோம். உதிரிப் போரா, மெஷினில் கட்டிய உருளையா? உருளை அடுக்கச் சுலபம், ஆபத்தென்றால் நாலு பேர் உருட்டி அப்புறப்படுத்தலாம். ஆனால் ஈரத்தோடு கட்டிவிட்டால் தானாகவே சூடேறும். ஈரம் நூற்றுக்கு 20-க்கு மேல் இருந்தால் கட்டவே கூடாது. அடுக்கிய முதல் சில வாரங்கள்தான் கண்டம். உள்ளே 65 டிகிரி செல்சியஸ் தொட்டால் தினமும் கவனிக்க வேண்டும், 80 டிகிரியை நெருங்கினால் எந்த நேரமும் பற்றலாம். வெப்பமானி இல்லாதவர்கள் கடப்பாரையை அடுக்குக்குள் ஆழச் செருகிக் கால் மணி நேரம் விட்டு உருவிப் பார்க்கலாம். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால், வெல்லப்பாகு தீய்ந்த வாடை அடித்தால், அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். உள்ளே காற்று புகுந்ததும் குப்பென்று பிடிக்கும். தண்ணீரும் தீயணைப்பு வண்டியும் வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும்.

இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு நன்றாக வேய்ந்த உதிரிப் போரே போதும் என்பேன். எதுவானாலும், வைக்கிற இடம்தான் பாதி காப்பு. கட்டுத்தறிக்குப் பக்கத்தில் வைத்தால் அள்ளிப் போட வசதி, பற்றினால் இரண்டும் போகும். நான் ஒரு வாரத் தீவனத்தை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை 100 அடி தள்ளிப் போட்டிருக்கிறேன். மேலே கம்பி போகாத இடம். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிற எங்கள் பக்கத்தில் வீட்டுக்குக் கிழக்கே.

101-க்கோ 112-க்கோ கூப்பிட்டதும் ஒரு பையனை பைக்கில் தார் ரோட்டுக்கு அனுப்புங்கள். தோட்டத்துக்கு வழி போனில் சொல்லிப் புரியாது. வண்டி வந்தால் எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ண வேண்டாம். மேலே நிற்கிற பம்பு 7 மீட்டர் ஆழத்துக்குக் கீழே உறிஞ்சத் திணறும், எங்கள் பக்கக் கிணறுகளோ 60 அடி, 80 அடி. வண்டி பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி பண்ணைக்குட்டை இருந்தால் அந்த இடத்தில் அதுதான் கிணற்றைவிட உசத்தி.

மாட்டுக்குச் சங்கிலியா கயிறா? மாடு மிரண்டு இழுத்து நிற்கும்போது சங்கிலிக் கொக்கி கழலாது. கயிற்றை ஒரே வெட்டில் அறுக்கலாம். நைலான் கயிறு சூட்டில் உருகிக் கழுத்தில் ஒட்டும், நூல் கயிறோ தேங்காய் நார்க் கயிறோ நல்லது. அரிவாள் கட்டுத்தறிக்கு வெளியே தொங்க வேண்டும். அவிழ்த்த மாட்டை விரட்டிவிட்டுப் படலைச் சாத்துவதை மறக்கக் கூடாது. பயந்த மாடு பழகிய இடத்துக்கே திரும்பி ஓடும். அன்று ஒரு கிடாரி அப்படி உள்ளே ஓடித்தான் மறுபடி இழுத்து வந்தோம்.

அந்த அண்ணன் இப்போது சொந்தமாக ஒரு ஸ்ப்ரேயர் வாங்கிவிட்டார். அமாவாசைக்கு அமாவாசை ஸ்டார்ட் செய்து பார்க்கிறார். பக்கத்தில் வைத்த டிரம்தான் பாதி நாள் காலியாக இருக்கிறது. எருமை குளிப்பாட்ட எடுத்துவிடுகிறார்களாம்.