பெட்டியில் வந்த கள்ளியும் பையில் வந்த மண்ணும்

கோவைப் பக்கத்து நாற்றங்கால் ஒன்று கள்ளி வகைகளைக் கூரியரில் அனுப்புகிறது. தங்க உருண்டைக் கள்ளி ஒன்று, மஞ்சள் கரை போட்ட ஆனைக்கற்றாழை இரண்டு, வாள் போல நீண்ட இலைகள் கொண்ட யுக்கா ஒன்று, கூடவே ‘கள்ளிகளுக்கான சிறப்பு மண்கலவை’ என்று அச்சடித்த ஐந்து கிலோ பை ஒன்று. செடிகளுக்கு முழு மதிப்பெண் போடுகிறேன். மண்ணுக்குப் பாதி போடவும் மனம் வரவில்லை. இந்த மாதிரிப் பைகள் எந்தக் கடையில் வாங்கினாலும் கிட்டத்தட்ட இதே சரக்குதான் என்பதால் கடையின் பெயரை விட்டுவிடுகிறேன்.

முதலில் செடிகளைக் கட்டியிருந்த அழகைச் சொல்ல வேண்டும். வேரில் ஒரு பொட்டு மண் இல்லை. கழுவி, உலர்த்தி, பழைய செய்தித்தாளில் சுற்றி, ஆனைக்கற்றாழையின் ஒவ்வொரு நுனி முள்ளிலும் தெர்மோகோல் துண்டு ஒன்றைச் செருகியிருந்தார்கள். இதற்குத்தான் சில வாடிக்கையாளர்கள், ‘மண்ணே இல்லாமல் காய்ந்த செடியை அனுப்பிவிட்டார்கள்’ என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்து வைதிருக்கிறார்கள். அநியாயம். ஈர மண்ணோடு பெட்டிக்குள் புழுங்கினால்தான் கள்ளி அழுகும். வெறும் வேரோடு வாரக்கணக்கில் தாங்கும். வந்த கையோடு நடவும் கூடாது. நிழலில் சில நாள் போட்டு வைத்து, அறுபட்ட வேர் ஆறிய பிறகு நட்டு, அதற்கும் ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

உருண்டைக் கள்ளி தேங்காய் அளவு, 600 ரூபாய். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், எங்கேயும் அமுங்கவில்லை. மெக்சிகோவின் கெரேத்தாரோ, இடால்கோ மாநிலங்களில் பிறந்த இனம் இது. அங்கே சிமாபான் அணை கட்டியபோது அதன் வாழிடத்தில் ஒரு பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது. சொந்த ஊரில் அருகிப்போன செடி, விதையிலிருந்து வளர்ப்பது எளிது என்பதால் உலகமெங்கும் தொட்டிகளில் பெருகிக் கிடக்கிறது. வந்த செடியின் பச்சையைப் பார்த்தாலே நிழல்வலைக்கு அடியில் வளர்ந்தது என்று தெரிந்தது. பாலைவனச் செடிதானே என்று இதை நேராக வெயிலில் தூக்கி வைத்தால் மேற்குப் பக்கம் வெளிறி, அது ஆறாத தழும்பாக நின்றுவிடும். முதலில் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பெட்டியில் வைத்த துண்டுச்சீட்டில் ‘நன்றி, மீண்டும் வருக’ இருந்தது. இந்த ஒரு வரி இல்லை.

யுக்கா முள்ளில்லாத வகை. தண்டின் வெட்டிய உச்சியில் மெழுகு பூசி, பக்கத்தில் இரண்டு கொத்து துளிர் விட்டிருந்தது. எல் சால்வதோரின் தேசிய மலர் இதனுடையதுதான். அங்கே பூவை முட்டையோடு வதக்கிச் சாப்பிடுகிறார்கள். சிறியதாக இருக்கிறதே என்று மதில்சுவரை ஒட்டி நட்டுவிடாதீர்கள். தரையில் விட்டால் மரமாகும், அடித்தண்டு பெருத்துச் சுவரைத் தள்ளும்.

இலவச இணைப்பாகச் சிவப்புத் தலைக் கள்ளி ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். அந்தச் சிவப்பு உருண்டையில் பச்சையம் கிடையாது. டிராகன் பழக்கள்ளியின் தண்டில் ஒட்டுக்கட்டி, அதன் உணவில் இதை வாழவைக்கிறார்கள். நீண்ட நாள் நிற்காது. குழந்தைகளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இனி மண். பையைக் கொட்டினால் முக்கால் பங்கு தேங்காய் நார்த்தூள், மேலே தூவினாற்போல் வெள்ளைப் பெர்லைட் (சூட்டில் பொரித்த இலேசான எரிமலைக் கல்), கொஞ்சம் மண்புழு உரம். ஒரு பிடி எடுத்து நனைத்துப் பிழிந்தேன். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. கையைத் திறந்தால் பிடித்த பிடி உதிராமல் நின்றது. என் சொந்தக் கலவையை அதேபோல் பிழிந்தால் கையில் குத்துமே தவிர உருண்டை பிடிக்காது. இரண்டையும் ஒரே அளவு மண்தொட்டிகளில் போட்டு, ஒரே அளவு தண்ணீர் ஊற்றித் திண்ணையில் வைத்தேன். என் தொட்டி இலேசான பிறகும் கடைமண் தொட்டி வெகுநாள் கனத்துக்கொண்டே இருந்தது. அது முழுக்கக் காய்ந்தால் வேறொரு தொல்லை: நார்த்தூள் சுருங்கித் தொட்டியை விட்டு விலகிவிடும், ஊற்றும் தண்ணீர் ஓரமாகவே ஓடிவிடும்.

அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் மண் கரிசல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாய் வெடிக்கும். இங்கே கள்ளியைக் கத்திரி வெயில் கொன்று நான் பார்த்ததில்லை. எமன் வருவது ஐப்பசி, கார்த்திகையில். அடைமழையில் கரிசல் நீரைப் பிடித்துக்கொள்ள, வேர் மூச்சுவிட வழியில்லாமல் அழுகுகிறது. அதனால் கள்ளிமண் நல்லதா என்பதைச் சித்திரையில் சோதிப்பதில் பயனில்லை. நான் தரைக்கு மேல் ஓரடி உயரத்துக்குக் கல் அடுக்கி, உள்ளே ஓட்டாஞ்சில்லும் செங்கல் உடைசலும் போட்டு, மேலே இரண்டு பங்கு கால் அங்குல ஜல்லி, ஒரு பங்கு தூசி போகக் கழுவிய எம்-சாண்ட், ஒரு பங்கு செம்மண் நிரப்புகிறேன். ஐந்து கிலோ பைக்குக் கொடுத்த 350 ரூபாய்க்கு இதில் ஒரு பாத்தியே முடிந்திருக்கும். கடைமண்ணைச் செம்பருத்திக்குப் போட்டேன். அதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனைக்கற்றாழைக்கு இந்தப் பவிசெல்லாம் வேண்டாம். அதன் கரையில்லாத உறவுகள் தண்டவாளத்து ஓரங்களில் யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே நிற்கின்றன. ஒன்று மட்டும்: சாறு பட்டால் தோல் அரிக்கும், கையுறை போடுங்கள். நடைபாதையோரம் என்றால் நுனி முள்ளை நகவெட்டியால் கிள்ளிவிடலாம், செடிக்கு ஒன்றும் ஆகாது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, “முள்செடி வீட்டுக்கு ஆகாதே, தாயி” என்றார். “உங்கள் வாசலில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறீர்களே பெரியம்மா, அதற்கும் முள் இருக்கிறதே” என்றேன். “அது திருஷ்டிக்கு” என்று போய்விட்டார்.

அந்த நாற்றங்காலின் விலைப்பட்டியலில் சப்பாத்திக்கள்ளி 250 ரூபாய் என்று பார்த்ததும் சிரிப்பு வந்தது. காடு கரையெல்லாம் அடைத்துக்கொண்டது என்று அதை ஒழிக்க 1926இல் இலங்கையிலிருந்து ஒருவகைப் பூச்சியைக் கொண்டுவந்து தென்னிந்தியாவில் விட்டார்கள். இன்றும் சப்பாத்திக்கள்ளியின் மேல் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். இரத்தச் சிவப்பாகச் சாறு வந்தால் அந்தக் குடும்பத்துப் பூச்சிதான். வாங்குவதென்றால் பஞ்சு இல்லாத மட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

தை பிறந்ததும் இதே இடத்தில் இன்னும் இரண்டு உருண்டைக் கள்ளி வாங்கப்போகிறேன், மண் வேண்டாம் என்று எழுதி. புரட்டாசியில் தள்ளுபடி போடுகிறார்கள். மழைக்கு முன் வேர் பிடிக்க அவகாசம் இருக்காது. தொட்டியை வைக்கக் கூரையடியில் இடம் இருந்தால் மட்டும் அந்தத் தள்ளுபடியில் வாங்குங்கள்.