மறதி நோயோடு மனச்சோர்வும்: எந்தச் சத்து மாத்திரைக்குக் காசு கொடுக்கலாம்?

டிமென்ஷியா உள்ள அம்மாவோ அப்பாவோ சாப்பாட்டை ஒதுக்கி, பேச்சைக் குறைத்து, காரணமில்லாமல் கண்கலங்க ஆரம்பித்தால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை வரும். அமெரிக்காவிலிருந்து மகன் மீன் எண்ணெய் அனுப்புவான். பக்கத்து வீட்டு மாமி அமுக்கரா சூரணம் சொல்வார். இதைக் குறை சொல்லவும் முடியாது. டாக்டர் எழுதும் மாத்திரையே இங்கே தடுமாறுகிறது. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரோடு மனச்சோர்வும் இருந்த 326 பேரிடம், மனச்சோர்வு மருந்துகளான செர்ட்ராலினையும் மிர்டாசபினையும் மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. 13 வாரம் கழித்து மூன்று குழுவிலும் முன்னேற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பக்கவிளைவுதான் மருந்து சாப்பிட்டவர்களுக்கு அதிகம்.

சரி, கடையில் கிடைப்பவை எப்படி?

என் ஓட்டு பி12-க்கு. ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு அப்புறம்தான். இந்தச் சத்துக் குறைந்தாலே மறதியும் வரலாம், சோர்வும் வரலாம். சுத்த சைவம், சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின், காலையில் எழுந்ததும் கேஸ் மாத்திரை: இதில் ஒன்று இருந்தாலே சந்தேகப்படலாம். பொதுவாக ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200 முதல் 300 வரை இழுபறி. ஊசி போட்டுவிட்டு டெஸ்ட் எடுத்தால் உண்மை நிலவரம் தெரியாது.

அளவு சரியாக இருப்பவருக்கு மேலும் கொடுத்துப் பயனில்லை. ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் அதிக அளவில் 18 மாதம் அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2008-இல் வந்தது. மறதி வேகம் குறையவில்லை. மனச்சோர்வுப் புகார் வைட்டமின் குழுவில்தான் கூடுதலாக இருந்தது.

இன்னொன்று, அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கால் மரத்துப்போகிறது என்று வாங்கும் பி12 மாத்திரையில் பல நேரம் 750 மைக்ரோகிராம் மீத்தைல்கோபாலமினோடு (பி12-இன் ஒரு வடிவம்) 75 மில்லிகிராம் ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மருந்தும் சேர்ந்திருக்கும். அது தூக்கத்தையும் தலைசுற்றலையும் கொண்டுவரும். ‘அம்மா எப்பப் பார்த்தாலும் சோர்ந்தே இருக்காங்க’ என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்து வைட்டமின் டி. வெளியே போகாத முதியவருக்குக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். எலும்புக்காகச் சரிசெய்யத்தான் வேண்டும். மனநிலைக்காக என்றால் கை விரிக்க வேண்டியதுதான். 50 வயதைத் தாண்டிய 18,353 பேருக்குத் தினம் 2,000 யூனிட் வீதம் ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்தும் மனச்சோர்வைத் தடுக்க முடியவில்லை. அவர்கள் டிமென்ஷியா நோயாளிகள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பிரச்சினை 60,000 யூனிட் பாக்கெட். வாரம் ஒன்று, சில வாரத்துக்கு என்று எழுதியதை வருடக்கணக்கில் தொடர்பவர்கள் உண்டு. தினமும் விழுங்குபவர்களும் உண்டு. வைட்டமின் டி மிதமிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். ஏறினால் மலச்சிக்கல், மந்தம், குழப்பம். பார்ப்பவர் மறதி நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைப்பார்.

மீன் எண்ணெயையும் அதே ஆய்வில் தினம் ஒரு கிராம் சோதித்தார்கள். பலன் இல்லை, மனச்சோர்வு அபாயம் இம்மியளவு கூடவே செய்தது. பெரிய கேப்ஸ்யூல், விழுங்கத் திணறுவார்கள். ஏப்பத்தில் மீன் வாடை வேறு. மீன் சாப்பிடுபவராக இருந்தால் முள் எடுத்த மத்தி குழம்பு மேல்.

கின்கோ என்ற மரத்தின் இலைச்சாறு மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. தரப்படுத்திய சாறு தினம் 240 மில்லிகிராம் கொடுத்த சில ஆய்வுகளில் டிமென்ஷியா நோயாளிகளின் பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைந்தன. ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பணம் தயாரிப்பு நிறுவனத்தினுடையது. கடையில் கிடைக்கும் எல்லாக் கின்கோவும் அந்தச் சாறு அல்ல. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரெலோ சாப்பிடுபவர் ரத்தக்கசிவுக்குப் பயப்பட வேண்டும்.

அமுக்கரா தூக்கத்துக்கு உதவலாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். மனச்சோர்வுக்கென்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை வேண்டவே வேண்டாம்: ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், இதயத்துக்குத் தரும் டிகாக்ஸின் ஆகியவற்றின் வேலையைக் கெடுக்கும், மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து.

எதை ஆரம்பித்தாலும் முதலில் டாக்டரிடம் கார்னெல் அளவுகோலில் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். டிமென்ஷியா உள்ளவரின் மனச்சோர்வை அளக்கும் முறை அது, எண் கூடினால் சோர்வும் கூடுதல். 19 கேள்விகள், பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு, நோயாளியையும் பார்த்து மதிப்பிடுவது. கடந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள் என்பதால் தூக்கம், சாப்பாடு, அழுகை மூன்றையும் தினம் ஒரு வரி எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்த்து, எண் குறையவில்லை என்றால் அந்த டப்பாவை மறுபடி வாங்காதீர்கள். பி12 குறைவு டெஸ்டில் தெரிந்தவருக்கும், எலும்புக்காக டாக்டர் சொல்லி வைட்டமின் டி எடுப்பவருக்கும் இது பொருந்தாது. அவர்கள் டாக்டர் சொன்னபடி தொடர வேண்டும்.