சேலத்திலிருந்து கடல் பார்த்தல்: ஓர் அலைக் கணிப்புச் செயலியின் மதிப்புரை

சேலத்துக்காரர்களுக்கு நீர்மட்டம் பார்ப்பது பழகிப்போன வேலை. காலையில் நாளிதழைப் பிரித்தால், 120 அடி மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்ற மூன்று எண்களைப் படிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டோம். மூன்று ஆண்டுகளாக எனக்கு அவற்றோடு இன்னும் மூன்று எண்கள் சேர்ந்துகொண்டன: அலையின் உயரம், அலைக்காலம், காற்றின் திசை. சேலம் கோரிமேட்டில் குடியிருந்துகொண்டு வங்காள விரிகுடாவின் அலையைக் கணக்குப் பார்ப்பவனை வீட்டார் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். முப்பத்தெட்டாம் வயதில் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பித்து பிடித்துக்கொண்டால் வேறு வழியில்லை.

எனக்குத் தோதான கடற்கரை, புதுச்சேரிக்கு வடக்கே தந்திராயன்குப்பத்தில் உள்ள செரினிட்டி கடற்கரை. ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். விடியற்காலையில் கரையில் நிற்க வேண்டுமானால் நள்ளிரவு கழிந்த உடனே வண்டியை எடுக்க வேண்டும். ஆகவே, இத்தகைய செயலியை நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன்: சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு, போகலாமா படுத்துத் தூங்கலாமா என்று முடிவெடுக்க அது உதவுகிறதா? கடலோரத்தில் வசிப்பவர் வாசலுக்கு வந்து அலையைப் பார்த்துக்கொள்ளலாம். அவருக்கு இந்த மதிப்புரை பயன்படாது.

நான் ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் செயலியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை; சொல்லவும் தேவையில்லை. இந்த வகைச் செயலிகளில் பெரும்பாலானவை, அமெரிக்கக் கடல் வளிமண்டல நிர்வாகமும் ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையமும் வெளியிடும் கணிப்பு மாதிரிகளின் எண்களையே எடுத்துத் தத்தம் வண்ணத்தில் காட்டுகின்றன. சந்தாவுக்கு நான் கொடுக்கும் தொகை, ஒரு முறை புதுச்சேரி போய்வரும் டீசல் செலவை விடச் சற்றே கூடுதல். வீணான பயணம் ஒன்றைத் தடுத்தாலே ஏறக்குறைய அந்தத் தொகை திரும்பிவிடும்.

முகப்பில் ஐந்து நட்சத்திரங்களில் இன்று எத்தனை என்று பெரிதாகக் காட்டுகிறது. அதை முதல் ஆறு மாதங்கள் நம்பினேன். இப்போது விரலால் ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கும் அட்டவணைக்குப் போகிறேன். தமிழில் பார்க்கும் வசதி கிடையாது. காற்றின் அம்புக்குறி ஆரம்பத்தில் என்னைக் குழப்பியது. அம்பு, காற்று போகும் பக்கத்தைக் காட்ட, அருகில் உள்ள எழுத்து, காற்று எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறது. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் புறப்பட்ட இடத்தை வைத்தே பெயரிட்டுப் பழகிய நமக்கு எழுத்தை மட்டும் படிப்பதே நல்லது.

இந்தச் செயலி தன் விலைக்கு உரிய வேலையைச் செய்யும் இடம் அலைக்காலம். ஓர் அலையின் முகடு கடந்த பின் அடுத்த முகடு வர எத்தனை வினாடி ஆகிறது என்பதே அது. ஒரு மீட்டர் உயர அலை என்று சொல்வதால் மட்டும் ஒன்றும் விளங்காது. அக்கம்பக்கத்துக் காற்றில் எழுந்த 7 வினாடி அலையும், தெற்கே வெகுதொலைவில் வீசிய புயலில் பிறந்து வந்த 14 வினாடி அலையும் ஆழ்கடலில் ஒரே உயரத்தில் இருக்கலாம். ஆனால் கரைக்கு வரும் ஆற்றல் பின்னதில் இரு மடங்கு. 7 வினாடி அலையின் நீளம், அதாவது முகட்டுக்கும் முகட்டுக்கும் இடைப்பட்ட தூரம், சுமார் 76 மீட்டர் என்றால் 14 வினாடி அலையின் நீளம் 300 மீட்டரைத் தாண்டும். நீளத்தில் பாதியளவு ஆழத்திலேயே அலை கடலடியை உணரத் தொடங்குவதால், நீண்ட அலை மிக முன்பாகவே தரையைத் தொட்டு, வேகம் குறைந்து, கரையருகே நிமிர்ந்து எழும். அலைச்சறுக்கு விளையாடுவோர் ஸ்வெல் என்று சொல்லிக் காத்திருப்பது, தொலைவிலிருந்து வரும் இந்த அலைத்தொடருக்காகத்தான்.

கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்வதும் இதே அலைத்தொடர்தான். உள்ளூரில் காற்று இருக்காது, வானத்தில் மேகம் இருக்காது, கடல் மட்டும் திடீரென்று ஏறிவரும். 2024 மே மாதத் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்த நாளில் புயல் ஏதும் இல்லை. கள்ளக்கடல் எச்சரிக்கை மட்டும் அதற்கு முந்தைய நாள்களில் வெளியாகியிருந்தது. உயரத்தைப் பார்த்துவிட்டு அலைக்காலத்தைப் பார்க்காமல் கடலில் இறங்குகிறவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அலைத்தொடர் எப்போது வந்து சேரும் என்பதைச் செயலி வியக்கத்தக்க அளவு சரியாகச் சொல்கிறது. காரணம் எளியது. 14 வினாடி அலைகளின் கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் நகரும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும் வேகத்தை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். தென்கோளத்தில் 45 பாகை அட்சரேகையில் புயல் அடித்தால் அந்த அலை 6,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து நம் கரையைத் தொட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். எழுந்துவிட்ட அலையின் வருகையைக் கணிப்பது, ஈரோட்டில் புறப்பட்டுவிட்ட ரயில் சேலம் சந்திப்புக்கு எப்போது வரும் என்று சொல்வதைப் போன்றது. சென்ற ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமையன்று, வரும் ஞாயிறு காலை 13 வினாடி அலைத்தொடர் எட்டிப்பார்க்கும் என்று காட்டியது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கரையில் நின்றபோது அது வந்திருந்தது. ஆறு நாள் முன்கூட்டிச் சொன்ன எந்த மழைக் கணிப்பும் எனக்கு இப்படிப் பலித்ததில்லை.

ஆனால் புதுச்சேரிக்கு ஒரு சிக்கல் உண்டு. அங்கிருந்து நேர் தெற்கே கோடு போட்டால் அது நாகப்பட்டினம் கரையை ஒட்டி யாழ்ப்பாணப் பக்கம் போகும். தெற்கு அலைத்தொடரில் பெரும்பகுதியை இலங்கை மறைத்துவிடுகிறது. தீவின் கிழக்குப் பக்கமாக வந்து வளைந்து நுழைவதே நமக்குக் கிடைக்கிறது. அட்டவணையில் அலை வரும் திசை 150 பாகையாக, அதாவது தென்தென்கிழக்காக, இருந்தால் கிளம்பலாம். நேர் தெற்கான 180 பாகையாக இருந்தால், உயரம் எவ்வளவு காட்டினாலும், நான் போர்வையை இழுத்துக்கொள்கிறேன். இந்த வேறுபாட்டை நட்சத்திரக் கணக்கு பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

நட்சத்திரங்கள் மீது எனக்கு உள்ள கோபத்துக்கு இன்னொரு காரணம், சென்ற ஜூலையில் நான்கு நட்சத்திரத்தை நம்பிப் போன பயணம். உயரம் 1.2 மீட்டர், அலைக்காலம் 14 வினாடி, காலை முழுவதும் மேற்குக் காற்று. எழுத்தில் இதை விடச் சிறந்த நாள் வாய்க்காது. மைத்துனரையும் எழுப்பி அழைத்துச் சென்றேன். கரையில் பார்த்தால் ஒவ்வோர் அலையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே நேரத்தில் சுவர் சரிவதைப் போல விழுந்துகொண்டிருந்தது. சறுக்கிச் செல்ல ஒரு பக்கம் உடையாமல் இருக்க வேண்டும். அந்தப் பக்கமே இல்லை. மைத்துனர் இட்லி சாப்பிட்டுவிட்டுக் காரிலேயே தூங்கினார்.

திரும்பும் வழியெல்லாம் யோசித்ததில் விஷயம் விளங்கியது. பாறைத் தரை உள்ள கடற்கரையில் அலை எங்கே உடையும் என்பது மாறாது. மணல்தரைக் கடற்கரையில் அதைத் தீர்மானிப்பது நீருக்கடியில் உள்ள மணல்திட்டு. ஒரு மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும் என்பதால், திட்டு அரை மீட்டர் உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ உடையும் இடமே மாறிவிடும். நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. அதனால்தான் சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. தந்திராயன்குப்பத்திலோ அரிப்பைத் தடுக்க, கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் வேறு போட்டிருக்கிறார்கள். அவற்றை ஒட்டி மணல் சேர்வதும் கரைவதும் மாதத்துக்கு மாதம் வேறுபடும். திட்டு மேடும் பள்ளமுமாக இருந்தால் அலை துண்டு துண்டாக உடைந்து சறுக்க இடம் கொடுக்கும். நேர்கோடாக இருந்தால், நீண்ட அலைக்காலமே வினையாகி, அலையின் முகடு கரை நெடுகிலும் ஒன்றாகக் கவிழும். ஆற்றல் கூடினால் நட்சத்திரத்தைக் கூட்டும் செயலிக்கு, அதே ஆற்றல் இந்த மணலில் கேடு என்பது தெரியாது. அந்த மணலை எந்தச் செயற்கைக்கோளும் அன்றாடம் அளந்து அதற்குச் சொல்வதில்லை. 9 அல்லது 10 வினாடி அலை வந்த, இரண்டே நட்சத்திரம் பெற்ற நாள்களில் அதே இடத்தில் நான் மனம் நிறைய விளையாடியிருக்கிறேன்.

இந்தக் குறை ஏன் வருகிறது என்பதை எனக்குக் கடலை விட நன்றாகக் காட்டியது ஏற்காடு. மாமனாருக்கு அங்கே சிறு காப்பித் தோட்டம் உண்டு. டிசம்பர், ஜனவரியில் பழம் பறித்துக் களத்தில் காயவைக்கும்போது மழை வருமா என்று இதே செயலியில் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. உலகளாவிய கணிப்பு மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. அமெரிக்க மாதிரியில் ஒரு கட்டம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் அகலம். ஏற்காட்டு ஏரியும் மலையடிவாரமும் நேர்க்கோட்டில் அதைவிட நெருக்கமானவை. 1,500 மீட்டர் உயர மலையையும் 300 மீட்டர் உயரச் சமவெளியையும் சேர்த்துச் சராசரியாக்கி ஒரு மேட்டை வைத்துக்கொண்டு கணக்கிட்டால், வெப்பநிலை மலைக்கும் பொருந்தாது, அடிவாரத்துக்கும் பொருந்தாது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று நானே கழித்துக்கொண்டால் வெப்பநிலையைச் சரிசெய்துவிடலாம். சேர்வராயன் மலைச்சரிவில் மோதி எழும் மேகம் எந்தத் தோட்டத்தில் கொட்டும் என்பதைக் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பின் ஏற்காட்டில் கொட்டிய மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கடலில் அலை ஏறுவதை ஒழுங்காகச் சொன்ன செயலி, மலைக்குக் காட்டிய மழையளவு அதற்குக் கிட்டேகூட வரவில்லை.

காற்றிலும் இதே குறைதான். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று அலையின் முகத்தைச் சீவிவிட்டாற்போல் வைத்திருக்கும். கடற்காற்று திரும்பிவிட்டால் எல்லாம் குலைந்துவிடும். திரும்பும் நேரத்தைச் செயலி பெரும்பாலும் நண்பகல் என்கிறது. என் குறிப்பேட்டின்படி பத்து மணிக்கே திரும்பிய நாள்கள் பல. நான் ஒன்பதரைக்கு மேல் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

ஓதத்தைப் பற்றிய பக்கம் சரியாகவே இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் நம் கரையில் ஏற்றவற்றம் சுமார் ஒரு மீட்டர்தான் என்பதால் அதற்காகப் பயணத்தை மாற்ற வேண்டியதில்லை.

கணிப்பு எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய நேரப்படி மாலை 5.30 மணி நிலவரத்தை வைத்துக் கணக்கிட்ட அமெரிக்க மாதிரி முழுமையாக வெளிவர இரவு பத்து மணி தாண்டிவிடும். எட்டு மணிக்குப் பார்த்து முடிவெடுப்பவர் பழைய கணக்கைப் பார்க்கிறார்.

மணலைப் பற்றிச் செயலியால் சொல்ல முடியாததைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று கடற்கரைத் தேநீர்க் கடைக்காரரிடம் எண் வாங்கி வைத்திருந்தேன். "அண்ணே, அலை எப்படி இருக்கு?" என்று எப்போது கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு, கிளம்பி வாங்க சார்" என்பார். வியாபாரம் அவருக்கு. பிறகு கேள்வியை மாற்றினேன்: "காலைல ஃபைபர் படகு இறங்குச்சாண்ணே? எந்தப் பக்கமா இறக்கினாங்க?" இதற்கு அவர் தயங்காமல் உள்ளதைச் சொல்கிறார். படகைத் தள்ளிச் செல்ல இடம் இருக்கிறதென்றால் அங்கே அலை உடையாத வாய்க்கால் இருக்கிறது, அதன் ஓரத்தில் திட்டு இருக்கிறது என்று பொருள். சனிக்கிழமை மாலை இந்த ஒரு பதிலும், பத்தரை மணி அட்டவணையும் சேர்ந்தால் எனக்குப் போதும்.

இலவசமாகக் கிடைப்பவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கடல்நிலைக் கணிப்பையும் உயர் அலை எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கான எச்சரிக்கையைத் தருகிறது. ஒரு குறிப்பிட்ட கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு அலை எப்படி என்று இவற்றில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும், அது அவற்றின் வேலையும் அன்று. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற வரி வந்துவிட்டால் மட்டும், செயலியில் ஐந்து நட்சத்திரம் மின்னினாலும், பலகை மாடியிலேயே இருக்கும்.

சந்தாவைப் புதுப்பிப்பதாக இருந்தால் ஆண்டு முழுமைக்கும் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது; ஆறேழு வினாடி அலைகள் கலங்கிய நீரில் ஒழுங்கின்றி வந்து விழும், இடையில் புயல் சின்னங்கள் வேறு. என்னைப் போன்றவருக்கு ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை மாதச் சந்தா கட்டுவதே சரி. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியை மாமல்லபுரத்தில் நடத்தியவர்களும் அந்தப் பருவத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். செயலியில் மாதச் சந்தா, அமைப்புகள் பக்கத்தின் அடியில், ஆண்டுச் சந்தாவுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது. தேடித்தான் எடுக்க வேண்டும்.