மைலோ டின்னுக்குப் பின்னால் ஒரு பாட்டில்

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, உலக ஹாஸ்பிஸ் நாள். குணமாக்க முடியாத நோயாளியின் வலியைத் தணித்துக் கடைசிவரை பார்த்துக்கொள்வதுதான் ஹாஸ்பிஸ். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் என்றதும் அத்தையையும் கிளப்பிக்கொண்டு போனேன். மாமாவுக்கு நுரையீரல் புற்றுநோய்.

9 மணிக் கூட்டத்துக்குப் பிரமுகர் வந்தபோது மணி பத்தரை. மாலை, பொன்னாடை, அதற்கு நன்றியுரை, நன்றி சொன்னவருக்கு இன்னொரு பொன்னாடை. மேடையில் 11 பேர். எண்ணிப் பார்க்க வேறு வேலை எனக்கு இல்லை. நோயாளியைப் பற்றிய முதல் வார்த்தை வந்தபோது பதினொன்றே கால். அதுவும் மலாய் ஸ்லைடில், 12 நிமிடம். முன்வரிசைப் பாட்டிகள் மீஹூன் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் இருக்கும் லண்டனில் என் பஸ் போகும் வழியில்தான் 1967-ல் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் இருக்கிறது. ஹாஸ்பிஸுக்கு நிதி திரட்டும் பழைய துணிக்கடையில் நானே கோட்டு வாங்கியிருக்கிறேன். இங்கே அந்தச் சொல்லைக் கேட்டதும் பக்கத்து நாற்காலி அம்மாள் குரலைத் தாழ்த்தி, "ஏன், கைவிட்டுவிட்டார்களா?" என்றார். கோலாலம்பூரில் ஹாஸ்பிஸ் மலேசியா 1991 முதல் இருக்கிறது, வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறது. ஆனால் அது தலைநகரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு, பேராக்கில் இருப்பவர்களுக்கு இல்லை.

தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், யாராவது நோயில் படுத்துவிட்டால் முறைவைத்து உட்காருவோமே, அதற்கு யார் பெயர் வைத்தார்கள்? இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கேட்டைப் பூட்டிக்கொள்கிறோம்.

கூட்டம் கலையும்போது ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர், "வீட்டில் என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?" என்று அத்தையிடம் கேட்டார். அத்தை விழித்தார். மிஸ்ஸி பேசாமல் எங்கள் காரில் ஏறிவிட்டார்.

வீட்டில், மாமாவின் வலிக்குக் கொடுத்த மார்பின் பாட்டில் மைலோ டின்னுக்குப் பின்னால், பழைய துணியில் சுற்றி இருந்தது. போதைப்பொருள், போலீஸ் வந்தால் வம்பு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமா கத்தினால் மட்டும் அரைக் கரண்டி கொடுப்பாராம். லேபிள் மலாயில், அத்தை படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. மருந்து எழுதிக் கொடுத்த இடத்தில் இரண்டு நிமிடம் தமிழில் சொல்ல ஆள் இல்லையா?

மிஸ்ஸி லேபிளில் இருந்ததைத்தான் சொன்னார். மருந்தின் வேகம் ஏறக்குறைய 4 மணி நேரம்தான். வலி திரும்பும் முன்பே அடுத்த வேளை போக வேண்டும். கரண்டி வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து வாயில் விட வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்குக் கொடுத்த மருந்தையும் நிறுத்தக் கூடாது. "சொன்ன அளவில் கொடுத்தால் இது உயிரை எடுக்காது அம்மா, வலியைத்தான் எடுக்கும்." காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் 6, 10, 2 என்று பெரிதாக எழுதி மின்விசிறி சுவிட்சுக்கு மேலே ஒட்டினார். தேநீர்கூடக் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, காப்பியில் சீனி போதவில்லை என்று மாமா அத்தையைத் திட்டினார். அத்தை வாய் பேசாமல் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டார்.