ஆறு வருஷமாக ஒரே சஃபயர் தகடு

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷமாக ஃபெம்டோசெகண்ட் லேசரோடு, அதாவது நினைக்க முடியாத அளவு குறுகிய ஒளித் துடிப்புகளைத் தரும் லேசரோடு, வேலை செய்கிறேன். அந்தத் துடிப்பிலிருந்து பல நிறங்கள் கலந்த வெள்ளொளியை உண்டாக்க நாங்கள் நம்பியிருப்பது 3 மி.மீ. தடிமனுள்ள சஃபயர் படிகத் தகடு ஒன்றை. இன்றுவரை மாற்றவில்லை.

உள்ளே போவது 800 நானோமீட்டர் துடிப்பு. நீளம் 100 ஃபெம்டோசெகண்ட், ஆற்றல் 1 மைக்ரோஜூல் அளவு. கற்றையின் செறிவு மிகுந்த நடுப்பகுதியில் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் திறன்) கூடுவதால் தகடே லென்ஸாகிக் கற்றையை மெல்லிய இழையாக இறுக்குகிறது. அந்த இழைக்குள்தான் நிறங்கள் பிறக்கின்றன. 1970இல் ஆல்ஃபானோவும் ஷாப்பிரோவும் கண்ணாடியில் கண்ட அதே அதிசயம். வெள்ளை அட்டையில் நிறவளையம் சூழ்ந்த வெள்ளை வட்டம் விழும்போது இன்றைக்கும் மனசு நிறைகிறது.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஆற்றலைக் கூட்டத்தான் பார்ப்பார்கள். போன வருஷம் திருச்சியிலிருந்து வந்த தம்பி ஒருவர் கூப்பிட்டார்: “அண்ணே, வட்டத்துக்குள்ள கோடு கோடா ஓடுது, வந்து பாருங்களேன்.” ஆற்றல் மிஞ்சியதால் இழை இரண்டாகப் பிரிந்து, இரண்டின் ஒளியும் குறுக்கிட்டிருந்தது. “ஐரிஸை மெதுவா மூடுப்பா” என்றேன். கற்றையின் ஓரத்தை மறைத்து உள்ளே போகும் ஒளியைக் குறைக்கும் துளை அது. கோடுகள் மறைந்து, வட்டம் ஒன்றானது. எங்கள் அளவீடுகளில் இரைச்சல் குறைந்ததற்கு இந்தப் பழக்கம்தான் முக்கியக் காரணம்.

குறையும் உண்டு. நீலப் பக்கம் 450 நானோமீட்டருக்குக் கீழே வெளிச்சம் மெலிந்துவிடும். புற ஊதா வேண்டுமென்றால் கால்சியம் புளூரைடுதான். ஆனால் அதை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் அதை அசைக்கும் கருவி நின்றுபோனதைக் கவனிக்காமல் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் படிகத்தில் வெண்புள்ளியாகத் தழும்பு. சஃபயரை அசைக்கவே வேண்டியதில்லை. பக்கத்து மேசையில் 1030 நானோமீட்டர் இட்டர்பியம் லேசருக்கு யாக் (YAG) என்ற படிகம் வைத்திருக்கிறார்கள், அதுவும் நன்றாக உழைக்கிறது.

இந்த ஊரில் படிகத்தைவிடக் கட்டடத்தின் ஏர்கான்தான் பெரிய கவலை. வார இறுதியில் குளிர்ச்சியைக் குறைத்துவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலையில் கற்றை இடம் மாறியிருக்கும், வட்டமும் கோணலாக இருக்கும். அறை ஒரு நிலைக்கு வந்து இரண்டு மணி நேரம் ஆகும்வரை நான் எதையும் திருகுவதில்லை.

சஃபயர் வாங்கும்போது, ஒளி சி-அச்சு (படிகத்தின் முக்கிய அச்சு) வழியே போகும்படி வெட்டிய தகடா என்று கேட்டு வாங்குங்கள். வேறு திசையில் வெட்டியிருந்தால் போலரைசேஷன் (ஒளி அலை அதிரும் திசை) கலைந்துபோகலாம்.