ஃபைபர் படகில் ஓட்டை: பாலியெஸ்டரா, எபாக்ஸியா?

கட்டுமரத்தில் ஓட்டை விழாது. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியதுதான் அது. தண்ணீர் உள்ளே வரும், வந்த வழியே போய்விடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் நிறைந்தன. கூடவே புதுக் கவலை ஒன்றும் வந்தது. கரை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட தூண்டில் வளைவுக் கல்லில் ஒரு அலை தூக்கி மோதினால் போதும், படகின் வயிற்றில் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை.

என் மாமாவின் படகுக்கு அப்படித்தான் ஆனது. அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, இரண்டு முழம் பின்னால், நீர்மட்டத்துக்குக் கீழே. அவசர அவசரமாகப் பாலியெஸ்டர் ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) மேட்டும் (வெட்டிய கண்ணாடி இழைகளின் விரிப்பு) வைத்து நாங்களே அடைத்தோம். மூன்றாவது மாதம் அந்த ஒட்டு, டப்பா மூடி கழல்வது போல முழுசாகக் கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, கரைக்குப் பக்கத்தில் இருந்தார்கள். ஊரில் எல்லாரும் சொன்னது ஒன்றேதான்: "எபாக்ஸி போட்டிருக்கணும்."

கழன்ற துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அதன் பின்பக்கம் படகின் பழைய நீலப் பெயின்ட் அப்படியே ஒட்டியிருந்தது. ரெசின் பெயின்டை விடவில்லை. பெயின்ட்தான் படகை விட்டிருந்தது. அங்கே எபாக்ஸி போட்டிருந்தாலும் இதே கதைதான். அதனால் எந்த ரெசின் என்ற கேள்விக்கு முன்னால், எதன் மேல் ஒட்டப் போகிறோம் என்பதைப் பார்த்துவிடுவோம்.

தேய்ப்பு எவ்வளவு?

முதலில் நாணயத்தால் ஓட்டையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடம் 'பொத் பொத்' என்று கேட்கும். வெள்ளை பூத்தது போலத் தெரியும் இடமும் உள்ளுக்குள் நொறுங்கியதுதான். அதையெல்லாம் வெட்டி எடுத்தால் ஓட்டை பெரிதாகும். பெரிதாகட்டும்.

அப்புறம் ஓட்டையின் விளிம்பை வெளிப்பக்கம் சரிவாகத் தேய்க்க வேண்டும். படகின் கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு சரிவு என்பது நல்ல கணக்கு. மாமாவின் படகு அந்த இடத்தில் 6 மி.மீ. கனம். அப்படியென்றால் ஓட்டையின் எல்லாப் பக்கமும் 72 மி.மீ. அகலத்துக்குச் சரிவு. 8 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் இருந்த ஓட்டைக்கு ஏறக்குறைய 22 செ.மீ. நீளமும் 19 செ.மீ. அகலமுமாக ஒட்டு. முதல் முறை நாங்கள் விட்ட ஓரம் இரண்டு விரல் அகலம்தான், அதுவும் பெயின்டின் மேல்.

எட்டு மடங்கு சரிவும் சில இடங்களில் தாங்கும். ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே, அலை அறையும் அணியத்தில் நான் குறைக்க மாட்டேன். கிரைண்டரில் 36 அல்லது 40-ஆம் நம்பர் தாள் போட்டு, பெயின்டும், அதற்கடியில் உள்ள வழவழப்பான ஜெல்கோட் பூச்சும் போய் ஃபைபர் தெரியும் வரை தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு முன்னாலேயே சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவி உப்பையும் எண்ணெயையும் எடுத்துவிட வேண்டும். அழுக்கோடு தேய்த்தால் அழுக்கையும் சேர்த்தே உள்ளே இறக்குகிறோம். மீன் எண்ணெயும் எஞ்சின் ஆயிலும் ஊறிய படகின் உட்புறத்துக்கு ஒரு கழுவல் போதாது. கழுவிய பிறகு இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய வேண்டும். ஈரம் குடித்த ஃபைபரில் எதுவும் சரியாகப் பிடிக்காது.

பாலியெஸ்டருக்கும் எபாக்ஸிக்கும் நடுவில்

நம் ஃபைபர் படகுகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசினில் வார்த்தவை. 'அதே சாமானைப் போட்டால் ஒன்றோடொன்று கலந்து ஒட்டும்' என்று பலர் நம்புகிறார்கள். அது நடப்பதில்லை. பழைய பாலியெஸ்டர் எப்போதோ இறுகி முடிந்துவிட்டது. புது ரெசினோடு கைகோக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. புது ரெசின் பழையதன் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அந்தப் பிடிப்பில் எபாக்ஸி பலசாலி. இறுகும்போது பாலியெஸ்டர் நன்றாகவே சுருங்கும், எபாக்ஸி மிகக் கொஞ்சமே சுருங்கும். ஒட்டின் ஓரங்கள் இழுபடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம். தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதிலும் எபாக்ஸிதான் மேல்.

பாலியெஸ்டருக்கு ஆதரவாக முதலில் சொல்லப்படுவது விலை. எபாக்ஸி இரண்டு மூன்று மடங்கு விலை என்பது உண்மைதான். ஆனால் மாமாவின் படகுக்கு எவ்வளவு ரெசின் தேவைப்பட்டது? சரிவில் அடுக்குகள் சிறுத்துக்கொண்டே போவதால் சராசரியாக 200 சதுர செ.மீ. என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஆறு அடுக்குக்குக் கண்ணாடி இழை 55 கிராம்கூட வராது. மேட்டைப் போல இரண்டரை மடங்கு ரெசின் என்றால் 135 கிராம். சிந்துவது, தூரிகையில் போவது, உள்ளே போடும் அடுக்கு எல்லாம் சேர்த்தாலும் அரைக் கிலோ தாண்டாது. அரைக் கிலோவில் வரும் விலை வித்தியாசம், ஒரு நாள் டீசல் மண்ணெண்ணெய்ச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. படகே புதிதாகக் கட்டுகிறவருக்குத்தான் விலை பெரிய விஷயம். கையளவு ஓட்டையை அடைப்பவருக்கு இல்லை.

பாலியெஸ்டரின் உண்மையான பலம் வேகம். காலையில் போட்டால் மதியம் தேய்க்கலாம், மறுநாள் கடலுக்குப் போகலாம். எபாக்ஸி நம் வெயிலில் ஒரு ராத்திரியில் கெட்டியாகிவிடும், ஆனாலும் முழுப் பலம் வரப் பல நாள் ஆகும். மூன்று நாளாவது படகு கரையில் கிடக்க வேண்டும். அன்றாடம் தொழிலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில் மூன்று நாள் என்பது சாதாரணம் இல்லை. அந்த அவசரத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

கலவையில் இரண்டுக்கும் குணம் வேறு. பாலியெஸ்டரில் 100 கிராமுக்கு, அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 கிராம்; வெயிலைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைக்க இடம் உண்டு. மே மாத வெயிலில் கைக்குள்ளேயே இறுகுகிறதே என்று ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடாதீர்கள், கடைசிவரை முழுசாக இறுகாது. அதற்குப் பதில் விடியற்காலையில், நிழலில் வேலை செய்யுங்கள். எபாக்ஸியில் இந்தச் சலுகை கிடையாது. டின்னில் எழுதியிருக்கும் விகிதம்தான் விகிதம். எபாக்ஸியை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகாது, பலவீனமாகத்தான் ஆகும். எடைக்கு ஒரு விகிதம், அளவுக்கு ஒரு விகிதம் என்று இரண்டு போட்டிருப்பார்கள். குழப்பிக்கொள்ளாமல் சின்ன டிஜிட்டல் தராசு வைத்து நிறுப்பது நல்லது. எதுவானாலும் மொத்தமாக ஒரே குவளையில் கலக்கி வைக்காதீர்கள். ஒன்றாகக் குவிந்திருந்தால் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும்.

ஆபத்தும் ஒரே மாதிரி இல்லை. பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் அந்த பாட்டிலைத் திறக்கவே கூடாது. தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இறுகுவதை வேகப்படுத்த, கடையில் ஊதா நிறத்தில் தனியாகத் தரும் கோபால்ட் ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் கலக்கி முடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். அவை இரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எபாக்ஸிக்கு வாடை குறைவு, அதனாலேயே ஆட்கள் வெறுங்கையால் தொடுகிறார்கள். தொடத் தொடத் தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாளுக்கும் அது போகாது. கையுறை இல்லாமல் வேண்டாம்.

நடுவில் வினைல் எஸ்டர் என்று ஒன்று உண்டு. வேலை செய்யும் விதம் பாலியெஸ்டர் போல, பிடிப்பும் நீர்த் தடுப்பும் அதைவிட நல்லது. கைக்குக் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். சின்னக் கடைகளில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை, வாங்கினாலும் நாள்பட வைக்க முடியாது.

மேட்டா, துணியா?

நல்ல ரெசின் வாங்கியவர்களே தவறுவது இங்கேதான். எபாக்ஸி வாங்கிக்கொண்டு, கூடவே வழக்கமான மேட்டையும் வாங்கி வருகிறார்கள். வெட்டு இழைகளைக் கூட்டிப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது, பசை கரையாது. மேட் விறைத்துக்கொண்டே நிற்கும், வளைவில் படியாது, உள்ளே காற்று தங்கும். எபாக்ஸிக்கு நெய்த துணியோ, தடித்த இழையில் நெய்த வோவன் ரோவிங்கோ, இரு திசை இழைகளை நூலால் தைத்த பயாக்சியலோதான் சரி. பாலியெஸ்டருக்கு மேட், ரோவிங், மறுபடி மேட் என்று மாற்றி மாற்றிப் போடுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம். 450 மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கனம் தரும் என்பதால் எத்தனை அடுக்கு என்று கணக்குப் போடுவதும் சுலபம். ரோவிங் அதைவிட மெலிசாகப் படியும், அடுக்கு கூடும்.

பெரிய துண்டு முதலா, சின்னது முதலா என்று கரையில் ஒரு வாதம் எப்போதும் ஓடும். நான் பெரியது முதல் என்பவன். முதல் துண்டே சரிவு முழுவதையும் தொட்டுப் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் மட்டம் பண்ணும்போது தேய்வது மேலே இருக்கும் சின்னத் துண்டுகள்தான்.

உள்ளிருந்தா, வெளியிலிருந்தா?

வெளியிலிருந்து போடும் ஒட்டைக் கடல் தண்ணீரே உள்நோக்கி அழுத்திப் பிடிக்கும். சரிவும் அந்தப் பக்கம் என்பதால் ஒட்டு உள்ளே போய்விடாது. பத்துப் பேர் சேர்ந்து படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டால் ரெசின் முகத்தில் ஒழுகாமல் குனிந்து வேலை செய்யலாம். உள்ளிருந்து போட்டால் வெளி மேற்பரப்பை அதிகம் கெடுக்க வேண்டாம் என்பது உண்மை. ஆனால் உள்ளே குறுக்குச் சட்டம், தளம், மிதப்புக்காக நுரை அடைத்த அறை என்று ஏதாவது ஒன்று கையை மறிக்கும். அந்த நுரை அறை உடைந்து தண்ணீர் குடித்திருந்தால் அதையும் தோண்டி எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் படகு ஒவ்வொரு நாளும் கனத்துக்கொண்டே போகும்.

கை போகிற இடமென்றால் இரண்டையும் செய்வதுதான் என் தேர்வு. சன்மைக்கா துண்டில் மெழுகு தடவி வெளியிலிருந்து ஓட்டையை மறைத்துக் கட்டி, உள்ளே இரண்டு அடுக்கு. அது இறுகியதும் சன்மைக்காவை எடுத்துவிட்டு, வெளியே சரிவு தேய்த்து மீதி அடுக்குகள். உள்ளே கை போகாத இடத்தில், முன்கூட்டியே வார்த்த மெல்லிய ஃபைபர் துண்டை ஓட்டை வழியாகச் சாய்த்து உள்ளே விட்டு, நடுவில் கட்டிய கம்பியால் வெளியே இழுத்துப் பிடித்து ஒட்ட வேண்டும்.

பூசி அடைப்பது

எம்-சீல் மாதிரி உருட்டி அடைக்கும் எபாக்ஸி மாவு படகில் ஒரு பொட்டலம் இருக்க வேண்டியதுதான். கடலில் கீறல் விழுந்தால் கரை சேர அது உதவும். அதையே நிரந்தர வைத்தியமாக்கி மேலே பெயின்ட் அடிப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். அதில் இழை இல்லை. படகு அலையில் வளையும்போது அது வளையாது, விரியும். கார் பட்டறையில் போடும் பாடி ஃபில்லர் இன்னும் மோசம், தண்ணீரைக் குடிக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே அதற்கு இடமே இல்லை.

என் தேர்வு

நீர்மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டில், படகு நாளைக்கே கிளம்ப வேண்டும் என்றால் பாலியெஸ்டர். நன்றாகத் தேய்த்துப் போட்ட பாலியெஸ்டர் ஒட்டு பல வருடம் நிற்பதை எங்கள் கரையிலேயே பார்க்கிறேன். மேல் அடுக்கு காற்றுப்பட்டுப் பிசுபிசுக்காமல் இருக்கத் தெளிந்த பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவிட்டு, இறுகியதும் எடுத்து, ஜெல்கோட் பூசலாம். நீர்மட்டத்துக்குக் கீழே என்றால் எபாக்ஸியும் துணியும், மூன்று நாள் பொறுமையும். எபாக்ஸி இறுகியதும் மேலே வழுவழுப்பாக ஒன்று படியும். அதைத் தண்ணீர் விட்டுத் துடைத்த பிறகே உப்புத்தாள் போட வேண்டும். அதன் மேல் ஜெல்கோட் சரியாகப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. வெயில் எபாக்ஸியைக் கெடுக்கும் என்பதால் இரண்டு பாக பாலியூரித்தேன் பெயின்ட் அடித்துவிடுவது நல்லது. ஒருமுறை எபாக்ஸி போட்ட இடத்தில் பின்னால் பாலியெஸ்டருக்குத் திரும்பாதீர்கள், அதன் பிடிப்பை நம்ப முடியாது.

ஏராவில் (படகின் அடியில் ஓடும் முதுகெலும்பு) விரிசல், எஞ்சின் மாட்டும் பின்பலகையில் உடைவு, குறுக்குச் சட்டம் முறிந்தது, ஒரு அடிக்கு மேல் ஓட்டை என்றால் வீட்டு வேலை வேண்டாம். படகு கட்டுபவரிடம் கொண்டுபோங்கள். அந்த இடங்கள் கைவிட்டால் நடுக்கடலில் நேரம் இருக்காது.

மாமாவின் படகுக்கு இரண்டாவது முறை எபாக்ஸி போட்டோம். நான்காம் நாள் கடலில் இறக்கும் முன், கட்டைகளின் மேல் படகை நிமிர்த்தி வைத்து, ஒட்டைச் சுற்றி வெளியே சாக்பீஸ் பொடி தடவி, உள்ளே பத்துக் குடம் தண்ணீர் ஊற்றினோம். மாமா ஒரு மணி நேரம் மணலில் உட்கார்ந்து அந்த வெள்ளை வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொடி நனையவில்லை. "சரி மாப்ள, தண்ணிய இறைச்சிடு" என்றார்.